கனுடோஸ் ஓர் ஊர்

செர்ஜியோ ரெசெந்தே இயக்கிய ‘கனுடோஸ் போர்’ என்ற பிரேசில் படம் 1997இல் வந்தது. கனுடோஸ் என்ற ஊர் பீரங்கியாலும் தீயாலும் தரைமட்டமாக்கப்பட்டு அப்போது சரியாக நூறு ஆண்டுகள். ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும் அந்தப் படத்தை அறிமுகம் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள்: தன்னைத்தானே மீட்பராக அறிவித்துக்கொண்ட ஒருவரும், அவரை நம்பிப் போய் மாண்ட கூட்டமும். அந்த ஒரு வரியை மறுப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அந்தப் பார்வையை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். பிரேசிலின் வடகிழக்கு உள்நாடு, அங்கே செர்த்தாவோ என்று அழைக்கப்படும் வறண்ட முட்காட்டுப் பூமி. பெரும்பாலும் எழுத்தறியாத மக்கள். நீல அங்கியும் கைத்தடியும் நீண்ட தாடியுமாக ஒருவர் ஊர் ஊராக நடந்து பிரசங்கம் செய்கிறார். உலகத்தின் முடிவு நெருங்குகிறது, முடியாட்சியைக் கவிழ்த்த குடியரசு அந்திக்கிறிஸ்துவின் வேலை என்கிறார். ஆயிரக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு அவர் பின்னால் போகிறார்கள். 1893இல் ஓர் ஊரைக் கட்டுகிறார்கள். அரசுக்கு அடங்க மறுக்கிறார்கள். நான்கு முறை படை வருகிறது. நான்காம் முறை ஊரே சாகிறது. ஆகவே குருட்டு நம்பிக்கை கொல்லும், படம் அதற்கு ஓர் எச்சரிக்கை என்பது வாதம். இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சாமியார்களிடம் ஏழைகள் ஏமாறுவதைக் கண்டு மனம் கொதிப்பவர்கள்தான் அவர்கள். அந்தக் கொதிப்பில் எனக்கு மாறுபாடு கிடையாது. ஆனால் கனுடோஸ் அதற்குச் சான்று ஆகாது. கனுடோஸை அப்படிக் காட்டியவர்கள் அதை அழித்தவர்கள். அவர்கள் 1897இல் வைத்த வாதத்தைத்தான் இன்றைய பார்வையாளரும் தெரியாமலே எடுத்து வைக்கிறார்.

ஒன்று. அவர் தன்னை மீட்பராக அறிவித்தாரா? இல்லை. அந்தோனியோ விசெந்தே மெந்தெஸ் மசியெல் 1830இல் சியாரா மாநிலத்தின் கிஷெரமோபிம் ஊரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தவர். லத்தீனும் கணக்கும் படித்தவர்; கடை நடத்தினார், பள்ளியில் சொல்லிக்கொடுத்தார், சட்டப் பட்டம் இல்லாமலே ஏழைகளுக்காக வழக்காடினார். மனைவி பிரிந்த பின் அலையத் தொடங்கினார். போன ஊர்களில் இடிந்த கோயிலைப் பழுதுபார்ப்பதும் கல்லறைத் தோட்டத்துக்குச் சுவர் எழுப்புவதும்தான் அவர் தொழிலாக இருந்தது. மக்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கொன்செலெய்ரோ’. புத்திமதி சொல்பவர் என்று பொருள். அந்தப் பெயரில் தெய்வீகம் எதுவும் இல்லை. ஊருக்கு ஊர் நாம் அறிந்த பெரியவர்தான் அதில் இருக்கிறார். கூட்டத்தில் சிலர் அவரை ‘நல்ல இயேசு’ என்றும் அழைத்தார்கள், உண்மைதான். ஆனால் அடியார்கள் சூட்டிய பெயரும் அவரே செய்த அறிவிப்பும் ஒன்றாகிவிடாது. அவர் என்ன சொன்னார் என்பதற்கு அவருடைய ஏடே கிடைத்திருக்கிறது. ஊர் வீழ்ந்த அன்று, படையோடு வந்த மருத்துவர் ஒருவர் கொன்செலெய்ரோ தங்கியிருந்த இடத்தில் ஒரு பழைய மரப்பெட்டியில் அதைக் கண்டெடுத்தார். 1897 ஜனவரி மாதத் தேதியிட்ட அந்தக் கையெழுத்துப் பிரதி கைமாறிக் கைமாறி, 1974இல்தான் அதாலிபா நொகெய்ரா என்ற ஆய்வாளரின் முயற்சியால் அச்சேறியது. அதில் இருப்பவை மாதாவின் வியாகுலங்கள் பற்றிய தியானங்கள், பத்துக் கட்டளைகளுக்கு விளக்கம், குடியரசுக்கு எதிரான ஒரு பிரசங்கம், ஒரு விடைபெறல். எந்தக் கத்தோலிக்கப் பங்குக் கோயிலிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் பெரும்பகுதி. தன்னை அவர் குறித்துக்கொள்வது யாத்ரீகன் என்று. எழுபத்தேழு ஆண்டுகள் அந்த ஏடு அச்சில் வராமல் கிடந்தபோது, ‘மீட்பர்’ என்ற பட்டம் மட்டும் புத்தகத்துக்குப் புத்தகம், திரைக்குத் திரை தாவிக்கொண்டிருந்தது.

இரண்டு. ‘சரி, மீட்பர் இல்லை, ஆனால் பித்தர்’ என்பார்கள். இந்தத் தீர்ப்பு எப்படி எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். பாஹியா மாநிலத்தின் புகழ்பெற்ற மருத்துவர் நீனா ரொத்ரிகெஸ் 1897இல் கனுடோஸைப் ‘பரவும் பைத்தியம்’ என்று வகைப்படுத்திக் கட்டுரை எழுதினார். நோயாளியை அவர் பரிசோதித்தது கிடையாது. செவிவழிச் செய்திகளே ஆதாரம். அவற்றில் ஒன்று, கொன்செலெய்ரோ தன் தாயையும் மனைவியையும் கொன்றவர் என்பது. அந்தக் குற்றச்சாட்டின் பேரில் 1876இலேயே அவரைக் கைதுசெய்து சொந்த ஊருக்கு அனுப்பி விசாரித்து, ஆதாரமே இல்லை என்று விட்டுவிட்டார்கள். தாய் அவர் சிறுவனாக இருந்தபோதே இறந்தவர். 1897 செப்டம்பர் 22இல் கொன்செலெய்ரோ இறந்தார். ஊர் வீழ்ந்த மறுநாள் படையினர் புதைத்த உடலைத் தோண்டி எடுத்துப் படம் பிடித்து, தலையை வெட்டி அதே மருத்துவரிடம் அனுப்பினார்கள். மண்டையோட்டின் அளவைக் கொண்டு குற்றவாளியையும் பித்தனையும் அடையாளம் காணலாம் என்று நம்பிய காலம் அது. அளந்து பார்த்த நீனா ரொத்ரிகெஸ், இயல்புக்கு மாறான எதுவும் இல்லை என்று எழுத வேண்டிவந்தது. தன் கட்டுரையைத் தானே பொய்யாக்கும் சான்று கையில் கிடைத்த பிறகும் பித்தர் என்ற சொல்லை அந்த அறிவியல் திரும்பப் பெறவில்லை. அறிவின் பேரால் கனுடோஸைக் கண்டிப்பவர்கள் அறிவு அங்கே என்ன செய்தது என்பதை இந்தத் தலையிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்று. ‘எதுவும் அறியாத மந்தை’ என்ற சொல்தான் எல்லாவற்றிலும் கொடுமையானது, அதனால் இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். யார் இந்த மக்கள்? 1877 முதல் 1879 வரை வடகிழக்கில் வந்த பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அதில் பிழைத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஒரு பகுதி. 1888 மே 13இல் அடிமை முறையை ஒழித்த சட்டம் இரண்டே விதிகள் கொண்டது: அடிமைத்தனம் இன்றுமுதல் இல்லை, இதற்கு மாறான விதிகள் செல்லாது. அவ்வளவுதான். விடுதலையானவனுக்கு ஒரு குழி நிலம், ஒரு மாதக் கூலி, ஒரு கூரை என்று எதுவும் அதில் இல்லை. 1850இன் நிலச் சட்டப்படி அரசு நிலத்தை விலை கொடுத்துத்தான் வாங்க முடியும். கையில் காசில்லாதவன் ஏதாவது ஒரு கர்னலின் பண்ணையில் கையேந்தி நிற்க வேண்டியதுதான். (கர்னல் என்று அங்கே சொல்வது பட்டாளத்துக்காரரை அல்ல, வட்டாரத்தையே கையில் வைத்திருக்கும் பண்ணையாரை.) அப்படி விடுதலையாகி நடுத்தெருவில் நின்றவர்கள் இன்னொரு பகுதி. தங்கள் நிலத்தை இழந்த கிரிரி பழங்குடியினரும் வந்தார்கள். 1889இல் குடியரசு வந்தது. 1891இன் அரசியல் சாசனம் எழுத்தறியாதவருக்கு வாக்குரிமை இல்லை என்றது. அதாவது இந்த மக்களில் ஏறக்குறைய எவருக்கும் வாக்கு இல்லை. வாக்கு தராத அந்தக் குடியரசில் நகராட்சிகள் புதிதாக வரி கேட்டன. சந்தைக்குப் பொருள் கொண்டுவந்தவரிடமும் கேட்டன. 1893இல் வரி அறிவிப்புப் பலகைகளைக் கொன்செலெய்ரோவின் ஆட்கள் பிடுங்கி எரித்ததிலிருந்துதான் மோதலே தொடங்குகிறது. வாக்கில்லாதவன் வரியை எதிர்த்தால் வேறு நாடுகளில் அதற்கு அரசியல் என்று பெயர். செர்த்தாவோவில் மட்டும் அது ஏன் மதவெறி ஆனது?

போன இடத்தில் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்க்கலாம். வாசா-பாரிஸ் ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட ஒரு பண்ணையில் அவர்கள் எழுப்பிய ஊருக்கு ‘பெலோ மோந்தே’, அழகிய குன்று என்று பெயரிட்டார்கள். வந்தவர் வீடு கட்டிக்கொள்ள இடம் இருந்தது. மேய்ச்சல் நிலம் பொது. ஆற்றுப்படுகையில் பயிர், ஆட்டுத்தோல் வியாபாரம், பள்ளிக்கூடம் இருந்தன. சாராயத்துக்குத் தடை. உழைக்க முடியாதவருக்குப் பொதுச் சேமிப்பிலிருந்து உணவு. அக்கம்பக்கத்துப் பண்ணைகள் காலியாகத் தொடங்கின. அந்த வட்டாரத்தின் மிகப் பெரிய நிலக்கிழார்களில் ஒருவரான ஜெரெமொவாபோ பிரபு, வேலைக்கு ஆள் இல்லாமல் போவதைப் பற்றி வெளிப்படையாகவே முறையிட்டார். மந்தை பொதுவாக மேய்ப்பன் ஓட்டும் திசையில் போகும். இந்த மக்கள் கூலி கிடைக்காத இடத்தைவிட்டு, கூரையும் சோறும் கிடைக்கும் இடத்துக்கு, மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். நம் காலத்தில் அதையே ஒருவர் செய்தால் பிழைப்புத் தேடிப் போகிறார் என்கிறோம். பிரசங்கமும் கேட்டார்கள் என்பதற்காக அவர்களுடைய கணக்கு கணக்கில்லாமல் போய்விடாது. கடைசியில் இராணுவமே எண்ணிப் பார்த்தது: 5,200 வீடுகள். மக்கள் 25,000 பேர் என்று அன்று சொன்னார்கள். அது மிகை என்பவர்களும் உண்டு. பாதி என்று வைத்தாலும் பாஹியாவின் உள்நாட்டில் அது பெரிய ஊர்தான்.

நான்கு. ‘ஆயுதம் ஏந்தியவர்களை அரசு வேறென்ன செய்யும்?’ என்று கேட்கிறார்கள். போர் எதற்காகத் தொடங்கியது என்பதைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாம். புதிய கோயிலின் கூரைக்காக, பாஹியாவின் ஜுவாசெய்ரோ நகரத்தில் மரத்துக்குப் பணம் கட்டியிருந்தார்கள். மரம் வரவில்லை. மரத்தை எடுக்க கனுடோஸ்காரர்கள் படையெடுத்து வருகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. நகர நீதிபதி மாநில ஆளுநரிடம் படை கேட்டார். நூறு பேர் கொண்ட படை புறப்பட்டது. 1896 நவம்பர் 21 அதிகாலையில் உவாவா என்ற சிற்றூரில் அந்தப் படையின் முன் கனுடோஸ்காரர்கள் வந்து நின்றபோது, முன்னால் ஒரு பெரிய மரச்சிலுவை இருந்தது, பாடிக்கொண்டு வந்தார்கள். கையில் பழைய துப்பாக்கிகளும் அரிவாள்களும் தடிகளும் இருந்தன. படைத்தரப்பைவிடப் பல மடங்கு அதிகம் செத்தது அவர்கள்தான். ஆனாலும் படை பின்வாங்கியது. தோல்வி அவமானம் ஆனது, அவமானம் அடுத்த படையெடுப்பு ஆனது. ஜனவரியில் இரண்டாவது படை. மார்ச்சில் கர்னல் மொரெய்ரா செசாரின் தலைமையில் 1,300 பேர். அவரும் செத்து, படை பீரங்கிகளைப் போட்டுவிட்டு ஓடியது. இது முடியாட்சி ஆதரவாளர்களின் சதி என்று கொதித்து, அன்றைய தலைநகரமான ரியோ டி ஜெனிரோவில் கும்பல்கள் முடியாட்சி ஆதரவுப் பத்திரிகை அலுவலகங்களை உடைத்தன; ஒரு பத்திரிகை அதிபரைக் கொன்றே போட்டன. வெளிநாட்டுப் பணமும் ஆயுதமும் கனுடோஸுக்குப் போகின்றன என்று நாளேடுகள் எழுதின. அப்படி ஒரு சதிக்கு எந்த ஆதாரமும் பிறகு கிடைக்கவில்லை. ஊர்க்காரர்களிடம் கடைசியில் இருந்த நல்ல துப்பாக்கிகள் ஓடிய படை விட்டுச்சென்றவை. நான்காவது முறை நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் வந்தார்கள். வதந்தியை நம்பிக் கூட்டமாகக் கிளம்பி, இல்லாத எதிரியைக் கண்டு, கொலைவெறி கொண்டது யார்? மதவெறிக்குச் சொல்லப்படும் இலக்கணம் அத்தனையும் அந்த ஆண்டில் தலைநகரத்துக்குப் பொருந்துகிறது.

ஐந்து. நம்பிக்கைதான் கொன்றது என்றால், பாத்ரே சிசெரோ எப்படிப் பிழைத்தார்? இந்த ஒரு கேள்விக்கு அந்தப் பார்வையிடம் பதில் இல்லை. அதே செர்த்தாவோ, அதே ஏழைகள், அதே பஞ்சம், அதே காலம். சியாராவின் ஜுவாசெய்ரோ தோ நோர்த்தேயில் 1889இல் பாதிரியார் சிசெரோ கொடுத்த நற்கருணை ஒரு பெண்ணின் வாயில் இரத்தமாக மாறியது என்று செய்தி பரவி, கூட்டம் கூட்டமாக மக்கள் அங்கே குடியேறினார்கள். திருச்சபை அவருடைய குருப்பணிக்குத் தடை விதித்தது. அப்போதும் கூட்டம் குறையவில்லை. பக்தியின் அளவில் கனுடோஸுக்கும் இந்த ஜுவாசெய்ரோவுக்கும் வேறுபாடு காண்பது கடினம்; அற்புதம் என்று பார்த்தால் சிசெரோவிடம்தான் அதிகம். ஆனால் அவர் கர்னல்களோடு உடன்பாட்டுக்கு வந்தார், தன் மக்களின் உழைப்பு பண்ணைகளுக்குக் கிடைக்க வழிவிட்டார், 1911இல் அந்த ஊரின் முதல் நகரத் தலைவரும் ஆனார். 1934இல் தொண்ணூறு வயதில் படுக்கையில் இறந்தார். அவர் ஊர் இன்று பெரு நகரம். ஒரே வகை நம்பிக்கை ஓரிடத்தில் நகரமாகவும் ஓரிடத்தில் சாம்பலாகவும் முடிந்தது என்றால், சாம்பலுக்குக் காரணம் நம்பிக்கையில் இல்லை. நிலத்தையும் உழைப்பையும் வரியையும் யாருக்கு விட்டுக்கொடுக்க மறுத்தார்கள் என்பதில் இருக்கிறது.

இனிப் படத்துக்கு வருகிறேன். ரெசெந்தே படையின் கொடுமையை மறைக்கவில்லை. ஊர்க்காரர்கள் மேல் அவருக்கு இரக்கம் உண்டு. ஜோசே வில்கர் கொன்செலெய்ரோவாக வரும் காட்சிகளில் கேலி இல்லை. அப்படியிருந்தும் படம் தவறான பார்வைக்கு வழிவிடுவது அதன் கதைக் கட்டமைப்பில். கதையின் மையம் ஒரு குடும்பம். பெற்றோர் கொன்செலெய்ரோவோடு போகிறார்கள். மூத்த மகள் லூயிசா போக மறுத்து ஓடிவிடுகிறாள். கிளாவ்தியா அப்ரெவு நடித்த அந்த லூயிசாதான் நம் கண். பிழைப்புக்காக உடலை விற்கும் நிலைக்கு வருகிறாள், படைவீரர்களோடு அவள் வாழ்க்கை பிணைகிறது. ஆக, தனக்கென்று ஒரு மனம், ஒரு கேள்வி, ஒரு முடிவு உள்ளவளாகப் படம் முழுமையாக வளர்த்தெடுப்பது ஊரைவிட்டு வெளியே நிற்பவளை. உள்ளே போனவர்களுக்குப் படம் தருவது முகம், கண்ணீர், பாட்டு. தந்தை ஏன் போனார் என்பதை லூயிசாவின் கோபத்தின் வழியாகவே கேட்கிறோம். இரக்கம் காட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு குறையாகத் தெரியாது. எனக்கு இதுதான் பெரிய குறை. செத்தவர்களுக்காக அழுதுவிட்டு, அவர்களுக்குப் புத்தி இருந்ததை மட்டும் ஒப்புக்கொள்ள மறுப்பது மரியாதை ஆகாது. கிளாபெர் ரோச்சா 1964இல் எடுத்த ‘சூரிய பூமியில் கடவுளும் பிசாசும்’ படத்தில் வரும் செபஸ்தியான் என்ற தீர்க்கதரிசி ஒரு குழந்தையையே பலி கொடுக்கிறான். பெர்னம்புகோவில் 1838இல் பெத்ரா பொனிதா என்ற இடத்தில் நரபலி நடந்தது வரலாறு. கனுடோஸில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் திரையில் கலந்துவிட்ட இரண்டையும் பார்வையாளர் தன் நினைவில் பிரித்துப் பார்ப்பதில்லை. அடுத்த தீர்க்கதரிசியைத் திரையில் பார்க்கும்போது கத்தியை எதிர்பார்த்தே உட்கார்கிறார்.

மறுப்பவர்கள் சொல்லக்கூடிய இரண்டு விஷயங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கொன்செலெய்ரோ முடியாட்சியை ஆதரித்தவர், பதிவுத் திருமணத்தை எதிர்த்தவர், பெண்கள் விஷயத்தில் கடுமையானவர். அவரை முற்போக்காளர் ஆக்குகிறாயா என்பது முதல் கேள்வி. ஆக்கவில்லை. அவர் கொள்கையில் பாதிக்கு மேல் எனக்கு ஏற்பில்லை. ஒருவரின் கொள்கை தவறு என்பது அவர் ஊரை எரிக்க அனுமதி ஆகாது என்பதோடு, அந்த ஊருக்கு வந்தவர்கள் கொள்கைக்காக மட்டும் வரவில்லை என்பதும்தான் என் வாதம். இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது: இப்படிப் பேசினால் எந்தச் சாமியாரின் கூடாரத்துக்கும் நியாயம் கற்பிக்கலாமே? முடியாது. அடியார்களின் உழைப்பும் பணமும் யாரிடம் போய்ச் சேர்ந்தன, வெளியேற நினைத்தவர் வெளியேற முடிந்ததா, முதல் துப்பாக்கியை யார் கொண்டுவந்தார்கள் என்று ஒவ்வொரு கூடாரத்திலும் கேட்க வேண்டும். பல இடங்களில் பதில் சாமியாரைக் குற்றவாளி ஆக்கும். கனுடோஸில் தலைவர் இறந்தபோது பெட்டியில் இருந்தது பிரசங்க ஏடு. படைகளின் முற்றுகை இறுகும்வரை ஊரைச் சுற்றி வேலி இல்லை. சந்தைக்கும் கூலிக்கும் போய் வந்தார்கள். கேட்காமல் முன்பே முடிவு செய்துகொள்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இந்தத் தவறை உணர்ந்து திருத்திக்கொண்ட ஒருவர் அன்றே இருந்தார். சாவ் பாவ்லோவின் ஒரு நாளேட்டுக்காகப் போரைப் பதிவுசெய்யப் போன எவுக்லிதெஸ் தா குன்யா, போவதற்கு முன் கனுடோஸைப் பிரெஞ்சுப் புரட்சிக்கு எதிரான வாந்தே கலகத்தோடு ஒப்பிட்டு எழுதியவர். குடியரசின் தீவிர ஆதரவாளர், இராணுவத்தில் படித்த பொறியாளர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1902இல் ‘செர்த்தாவோக்கள்’ நூலில் அந்தப் போரைக் குற்றம் என்றே எழுதினார். இனம், மண்டையோடு பற்றிய அன்றைய மூடத்தனங்கள் அந்த நூலிலும் உண்டு. ஆனாலும் கண்ணால் கண்டது அவரை மாற்றியது. பிடிபட்ட ஆண்களின் கழுத்தைப் படையினர் அறுத்தார்கள் என்று அவர் எழுதினார். 1897 அக்டோபர் 5இல் ஊர் வீழ்ந்தபோது எதிர்த்து நின்றவர்கள் நால்வர் மட்டுமே என்றும் அவர்தான் பதிவுசெய்தார்: ஒரு கிழவர், இரண்டு ஆண்கள், ஒரு சிறுவன். அதற்கு மூன்று நாள் முன்னால் சரணடைந்தவர்களைப் படையோடு வந்த புகைப்படக்காரர் ஃப்ளாவியோ தெ பாரோஸ் எடுத்த படம் இன்றும் இருக்கிறது. நானூறு பேர் இருக்கலாம். வெறுந்தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள், மடியில் குழந்தைகள், எலும்பும் தோலுமான முகங்கள். பின்னால் சிப்பாய்கள் நிற்கிறார்கள். ரெசெந்தேயின் படத்தைப் பார்ப்பவர்கள் இந்த ஒரு புகைப்படத்தையும் தேடிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் மீட்பர் இல்லை. அவர் பத்து நாள் முன்பே இறந்துவிட்டார். இவர்கள் அதற்குப் பிறகும் ஊரைவிட்டு ஓடாமல் இருந்தவர்கள்.

படைகள் பீரங்கிகளை நிறுத்தியிருந்த குன்றுக்கு, அங்கே முளைக்கும் ஒரு முட்செடியின் பெயரால் ஃபவேலா என்று பெயர். போர் முடிந்து ரியோ டி ஜெனிரோவுக்குத் திரும்பிய வீரர்களில் பலருக்குத் தங்க வீடு கிடைக்கவில்லை. நகரத்தின் ப்ரொவிதென்சியா குன்றில் அவர்கள் தகரமும் பலகையும் கொண்டு குடிசை போட்டுக்கொண்டார்கள். அந்தக் குன்றுக்கும் ஃபவேலா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிரேசிலில் இன்றைக்குச் சேரிகள் அத்தனைக்கும் அதுதான் பெயர்.